‘விண்டோஸ் போட்டுக் கொடுங்க’

கள்ளக்குறிச்சியில் எந்தக் கணினிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும்: “அண்ணா, இதுல லினக்ஸ்தான் இருக்கு. எடுத்துட்டு விண்டோஸ் போட்டுக் கொடுங்க.” கேட்பவர் கல்லூரி மாணவி, பள்ளி ஆசிரியர், கச்சிராயப்பாளையத்திலிருந்து தம்பியின் லேப்டாப்பைத் தூக்கிவந்த அண்ணன் என்று யாராகவும் இருக்கலாம். கடைக்காரர் ஏன் என்று கேட்பதில்லை. பென்டிரைவைச் செருகி, இருந்ததை ஃபார்மேட் அடித்து, உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றை ஏற்றி, ஆக்டிவேஷனையும் ஏதோ ஒரு கிராக்கால் முடித்து, முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். இருவருக்கும் திருப்தி. ஒரு முடிவு எடுத்திருக்கிறோம் என்ற எண்ணமே இருவருக்கும் இராது.

அந்த முடிவு இந்த மாவட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தவறான முடிவு என்பதுதான் என் கட்சி. அதற்காக, விண்டோஸ் கேட்பவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பக்கத்து நியாயம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. விண்டோஸ்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் அதுதான் இருக்கும். கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைக்கும். லினக்ஸ் என்பது சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சாஃப்ட்வேர்காரர்களுக்கானது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யக் கூடாது. இந்தக் கடைசி வாதத்தில் அக்கறையும் இருக்கிறது. அதனால்தான் அதற்கு அக்கறையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், எந்தக் கணினியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இந்த மாவட்டத்து வீடுகளில் இருக்கிற லேப்டாப்புகளில் பெரும் பங்கு அரசு கொடுத்தவை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் கையில் சேர்த்தது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிய அந்தக் கருவிகளில் முதல் ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இரட்டைக் கருச் செயலி, 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. வன்தட்டு. மூடியில் அரசு முத்திரை, முதலமைச்சர் படம். விண்டோஸும் இருக்கும், பக்கத்திலேயே பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பும் இருக்கும். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். கல்வராயன் மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கும் அதே லேப்டாப்தான் வந்தது. அக்காவுக்குக் கொடுத்தது தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தப்பா மகளுக்கு என்று அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி செத்து, சார்ஜரோடு கட்டிப்போட்ட நிலையில், ஆனால் ஓடுகின்றன.

இந்தக் கருவிகளுக்கு விண்டோஸ் என்ன செய்தது என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆதரவு நின்றால் கணினி அன்றே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது 4 ஜி.பி. நினைவகம் கேட்கிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும் என்கிறது. 2011-லும் 2014-லும் வாங்கிய எந்த அரசு லேப்டாப்பும் அந்த வாசலைத் தாண்டாது. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் கைவேலை கடைகளில் உண்டு. 2 ஜி.பி. நினைவகத்தில் அது எப்படி ஓடும் என்பதை ஏற்றிய கடைக்காரரே சொல்வார்: “ஹேங் ஆகத்தான் செய்யும், பழைய சிஸ்டம்ல.”

பழைய சிஸ்டம் என்பதுதான் இங்கே ஒளிந்திருக்கும் பொய். திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, செயலி கெடவில்லை. கணினி பழசானதால் சாகவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் போட்ட கெடு தேதியால் சாகடிக்கப்படுகிறது. புதுசு வாங்கும் வசதி உள்ளவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. மரவள்ளி போட்டு, சேகோ ஆலைக்காரர் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவருக்கு, வீட்டில் இருக்கும் ஒரே கணினி போய்விட்டது என்று பொருள்.

அதே கருவியில் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை ஏற்றினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பென்டிரைவைச் செருகி, கணினியை உயிர்ப்பிக்கும்போது அதற்கான விசையை (பல கருவிகளில் எஃப்12) தட்டினால் எதிலிருந்து துவங்க வேண்டும் என்று பட்டியல் வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வன்தட்டைத் தொடாமலேயே முழு இயங்குதளமும் திரையில் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு பிடித்திருந்தால் நிறுவலாம், பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வைஃபை டிரைவர் கிடைக்காது என்பது ஒரு காலத்தில் உண்மையான புகார். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து, அதற்கு வேண்டிய ஃபர்ம்வேரும் நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய மேசைத்தளத்தைப் போட்டால், எதையும் திறக்காத நிலையில் நினைவகத்தில் அரை ஜி.பி.யை ஒட்டித்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் லிப்ரே ஆஃபீஸ் ஓடும், பைத்தான் ஓடும், பாடப் பி.டி.எஃப்.கள் ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் பத்துத் தாவல்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். அதை மறைக்க மாட்டேன். வன்தட்டை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் மூச்சுவாங்கல் பாதியாகும். 2 ஜி.பி. கணினியைப் புதுக் கணினியாக்கும் மந்திரம் எந்த இயங்குதளத்திடமும் இல்லை. பாதுகாப்பாக, பயன்படும்படி வைத்திருக்கும் வழி லினக்ஸிடம் இருக்கிறது, விண்டோஸிடம் இல்லை.

“வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே?” என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்கள் நம் பள்ளிப் பாடநூலைத் திறந்து பார்த்தது இல்லை என்றே நினைக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடம் எதைச் சொல்லிக்கொடுத்தது? ஸ்டார் ஆஃபீஸ். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு நூல்கள் எதை வைத்திருக்கின்றன? ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ். இயங்குதளப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் இருக்கிறது. பன்னிரண்டில் பைத்தான். ஆக, அரசுப் பள்ளியில் கணினிப் பாடம் எடுத்த ஒரு தலைமுறை முழுவதும் எம்.எஸ். ஆஃபீஸ் அல்லாத அலுவலக மென்பொருளைத்தான் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறது. அவர்களுக்கு எம்.எஸ். வேர்டு தெரியாமல் போனதா? யாருக்கும் வேலை கிடைக்காமல் போனதா? ஒன்றில் பத்தி அமைக்கக் கற்றவர் மற்றொன்றில் ஒரு மதிய நேரத்தில் பழகிவிடுகிறார்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2000-களின் பிற்பாதியிலேயே அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டது. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வே அதில்தான் நடக்கிறது. அந்தத் திட்டம் இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக இருக்கிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை வெளியிடுகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் குழுக்கள். பிள்ளைகளே ஊர்க்காரர்களின் கணினியில் லினக்ஸ் நிறுவித் தரும் முகாம்களும் நடக்கின்றன. அட்டப்பாடி மலையில் படிக்கும் பிள்ளைக்கும் திருவனந்தபுரத்தில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே இயங்குதளம். இவ்வளவு ஆண்டுகளாக லினக்ஸில் படித்த கேரளப் பிள்ளைகள் வேலைச் சந்தையில் பின்தங்கிவிட்டார்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அலுவலகங்களில் லினக்ஸே இல்லை என்பதும் சரியல்ல. நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கிய இ-கோர்ட்ஸ் திட்டம் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் உபுண்டுவில் பயிற்சி கொடுத்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2023-ல் தன் கணினிகளுக்கு மாயா என்ற லினக்ஸ் பதிப்பை அறிவித்தது. நம் எல்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாறியது; பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போனது. அவர் மாறிப் போன பிறகு வேகம் குறைந்தது என்பது வேறு கதை. முடியும் என்று காட்டப்பட்டது தமிழ்நாட்டில்தான்.

விண்டோஸ் கட்டாயம் வேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் வக்காலத்தாகிவிடும். டேலி வைத்துக் கணக்கு எழுதப் போகிறவருக்கு விண்டோஸ் வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் பேஜ்மேக்கரிலும் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கும் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேரப் போகிறவருக்கு வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி இ-டெண்டர் போடும் ஒப்பந்தக்காரருக்கு லினக்ஸில் படாத பாடு படவேண்டியிருக்கும். அவர் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. ஆனால் இவர்கள் எல்லாரும் சேர்ந்து எத்தனை பேர்? கல்லூரிப் பிள்ளை செய்கிற வேலை என்ன? உதவித்தொகை விண்ணப்பம், டி.என்.பி.எஸ்.சி. பதிவு, நான் முதல்வன் தளம், யூடியூப் பாடம், புராஜெக்ட் அறிக்கை, ஒரு பி.பி.டி. இவற்றில் முக்கால்வாசி பிரௌசருக்குள் முடிந்துவிடுகிறது. பிரௌசருக்குக் கீழே எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று அந்தத் தளங்கள் எதுவும் கேட்பதில்லை. டேலிக்காரருக்குச் சரியான தேர்வை எல்லாருக்குமான விதியாக்கியதுதான் கோளாறு.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதம்: கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?

இதை மலையிலிருந்து பார்க்க வேண்டும். கல்வராயன் மலை கள்ளக்குறிச்சிப் பக்கமும் சேலம் பக்கமும் பரந்து கிடக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் மலையாளிப் பழங்குடியினர். 1976 வரை ஜாகிர்தார்கள் ஆட்சியில் இருந்த மலை அது. எல்லா வசதியும் அங்கே ஒரு தலைமுறை தாமதமாகத்தான் ஏறிப் போயிருக்கிறது. 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலை குறித்து வழக்கு எடுத்து, சாலை எங்கே, பேருந்து எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. இந்த நிலையில் இன்னாட்டிலோ சேராப்பட்டிலோ ஒரு பிள்ளையின் லேப்டாப் நின்றுவிட்டால், “சரிசெய்ய ஆள் இருக்கு” என்பதற்கு என்ன பொருள்? ஆள் கள்ளக்குறிச்சியிலோ சங்கராபுரத்திலோ இருக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து இறங்கி, கடையில் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்று அவர் சொன்னால் மறுபடி இன்னொரு நாள். அவர் செய்கிற வைத்தியம் எல்லா நோய்க்கும் ஒன்றுதான்: ஃபார்மேட். பிள்ளை எழுதி வைத்த புராஜெக்டும் அதோடு போகும்.

கெட்டுப்போவது ஏன் என்றும் கேட்க வேண்டும். உரிமம் இல்லாத விண்டோஸை உயிரோடு வைக்கும் ஆக்டிவேட்டர்கள், முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கின்றன. வாசல் காவலை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வருகின்றன. அசல் உரிமம் வாங்கலாமே என்றால், விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் கடை விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கிறது; பழைய லேப்டாப்பை விற்றால் அவ்வளவு வராது. பிறகு பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து செருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இந்த ஷார்ட்கட் வைரஸைப் பார்க்காத மாணவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. கோப்பு போய்விட்டது என்று பயந்து அந்த ஷார்ட்கட்டை அழுத்துவார்கள். அழுத்தியவுடன் அது லேப்டாப்புக்குள் குடியேறும். அடுத்து யார் பென்டிரைவ் செருகினாலும் அவர்களுக்கும் தொற்றும். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால் நடப்பது வேடிக்கையாக இருக்கும். வைரஸ் மறைத்துவைத்த அசல் ஃபோல்டர், மறைக்கப்படாமல் பளிச்சென்று தெரியும். ஏனென்றால் விண்டோஸின் ‘மறை’ என்ற குறியை லினக்ஸ் கோப்பு மேலாளர் பொருட்படுத்துவதில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு ஷார்ட்கட்டை அழித்துவிடலாம், அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. விடுதியில் இருபது பேரில் ஒருவரிடம் லினக்ஸ் இருந்தால் போதும், மற்ற பத்தொன்பது பேரும் பென்டிரைவோடு அவரிடம் வரிசை கட்டுவார்கள்.

அடுத்தது நெட். மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு உதவித்தொகைப் படிவத்தைத் திறக்கும் நேரம் பார்த்து, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடத் தொடங்கி அன்றைய டேட்டா முழுவதையும் விழுங்கிவிடும். ‘மீட்டர்டு’ என்று குறித்துவைத்தால் தடுக்கலாம்தான். அது தெரிந்தவர் எத்தனை பேர்? லினக்ஸிலும் அப்டேட் உண்டு, அதற்கும் டேட்டா ஆகும். ஆனால் டெபியன் போன்றவற்றில் எப்போது இறக்குவது என்பது உங்கள் கையில். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. டெபியனின் மென்பொருள் தொகுப்பை டி.வி.டி. அளவுக் கோப்புகளாக இறக்கி, பென்டிரைவில் போட்டு, நெட்டே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து நிறுவலாம். ஒருவர் கள்ளக்குறிச்சியில் ஒருமுறை இறக்கினால், கரியாலூரில் முப்பது கணினிகளுக்குப் போதும். நகலெடுத்துக் கொடுப்பது திருட்டும் இல்லை. அந்த உரிமமே ‘கொடு’ என்றுதான் சொல்கிறது. பேருந்தில் ஏறிவரும் பென்டிரைவே நெட்வொர்க்காக இருக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, சரிசெய்ய ஆள் எங்கே என்ற கேள்விக்கு என் பதில்: அந்த ஆளை மலையிலேயே உருவாக்கலாம், லினக்ஸில் அது எளிது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு முறை நிறுவிப் பார்த்தால் மூன்றாவது முறை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும். இது கற்பனை இல்லை. நம் பழைய மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தில் 2013 முதல் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது, வி.ஜி.எல்.யு.ஜி. என்று அழைக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். படித்தவர்களே அடுத்த ஆண்டு பயிற்றுநர்களாக நிற்கிறார்கள். அங்கே படித்து மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் உண்டு. தமிழில் படிக்க ஒன்றும் இல்லை என்பவர்களுக்கு, 2012-லிருந்து வரும் கணியம் இதழும் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. சென்னைக்காரர்களுக்கான விஷயம் என்ற பேச்சை விழுப்புரத்துக்காரர்கள் பொய்யாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தமிழில் தட்டச்சு வராது என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. வருகிறது. தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாமே உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரல் பழகியவர்கள் அதே விசை வரிசையில் யூனிகோடிலேயே அடிக்கலாம். திறக்க மறுப்பது பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகள்தான். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அவை விண்டோஸிலும் கிறுக்கலாகத்தான் தெரியும். 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்து அரசாணை போட்ட பிறகும் அலுவலகங்கள் வானவில்லை விடாததற்கு லினக்ஸை எப்படிக் குறை சொல்வது?

சரி, இவ்வளவு நல்ல விஷயம் என்றால் அரசு லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸை யாரும் ஏன் தொடவில்லை? நியாயமான கேள்வி. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். குறை அந்த மென்பொருளில் இருந்ததைவிட, அதைக் கொடுத்த விதத்தில்தான் அதிகம். இரண்டையும் போட்டுவிட்டோம், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால் அது தேர்வுச் சுதந்திரம் ஆகிவிடுமா? ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இல்லை. துவக்கப் பட்டியலில் சில நொடிகள் தோன்றி மறையும் இரண்டாவது பெயர், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை ஊரே அறியும், இன்னொன்றை ஒருவரும் அறிமுகம் செய்யவில்லை என்றால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. டெண்டரில் ஒரு வரியாக நுழைந்த லினக்ஸ், வகுப்பறைக்குள் நுழையவே இல்லை. இப்போது 2026 ஜனவரியில் தொடங்கியிருக்கும், கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்கான புதிய திட்டத்திலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் போட்டுத்தான் வருகிறது. 8 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி. என்று கருவி நன்றாகவே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க இந்த முறையாவது யாரையாவது நியமித்திருக்கலாம்.

லினக்ஸ் ஆதரவாளர்களுக்கும் பங்கு உண்டு. புதிதாக வருகிறவரிடம் நூறு பதிப்புகளின் பெயரை அடுக்கி மிரட்டுவதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். யூடியூப் பார்த்துவிட்டு ‘ஹேக்கர்’ ஆகிறேன் என்று காளி லினக்ஸைப் போட்டுவிட்டு, பிரின்டர் வரவில்லை என்று அழும் பையன்களையும் பார்க்கிறேன். தம்பிகளே, அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களின் கருவிப்பெட்டி, புராஜெக்ட் எழுதுவதற்கானது இல்லை.

என் பரிந்துரை சுருக்கமானது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய அரசு லேப்டாப் என்றால் டெபியனோ லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். புதிய கல்லூரி லேப்டாப் என்றால் உரிமத்தோடு வந்த விண்டோஸ் இருக்கட்டும். ஆனால் இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழிக்காதீர்கள், வாரத்தில் இரண்டு நாளாவது அதில் வேலை செய்யுங்கள். டேலி, டி.டி.பி., டோக்கன் வேலை என்றால் விண்டோஸ், அதுவும் உரிமத்தோடு.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஓராண்டு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. அதற்குள் மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: ஒரு சனிக்கிழமை விழுப்புரம் குழுவினரைக் கூப்பிடுங்கள், முன்னாள் மாணவர்கள் பரணில் போட்டுவைத்த லேப்டாப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே உட்காரவைத்து நிறுவச் சொல்லுங்கள். வேண்டியது நான்கு பென்டிரைவும் தடையில்லாத மின்சாரமும் மட்டுமே.